ஆட்டிசம் உள்ளவருக்கு மன நெருக்கடி வந்தால்: வேலூர்ப் பக்கத்தில் எங்கே போவது, என்ன சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், இருக்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அவர்களோடு வாழ்கிறவர்களுக்கும் எழுதியது இது. நானும் ஆட்டிசம் உள்ளவள். மருத்துவர் இல்லை. முதல் பதில் இந்த நிமிஷம் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இப்போதே தாங்க முடியவில்லை. செத்துப்போகலாம் என்று இருக்கிறது. என்ன செய்வது?

தனியாக இருக்காதீர்கள். வீட்டில் யார் இருந்தாலும் அவர் இருக்கும் அறைக்குப் போய் உட்காருங்கள். பேச வேண்டாம். போனில் இதை டைப் செய்து காட்டுங்கள்: "எனக்குச் சாகணும்னு தோணுது. என்கூட இரு. கேள்வி கேட்காதே."

வீட்டில் யாரும் இல்லையென்றால் அதே வரியை நீங்கள் நம்பும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கதவைத் திறந்து வையுங்கள். மாத்திரை டப்பா, பூச்சிமருந்து, கத்தி எதுவும் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்து போங்கள்.

பேச முடிந்தால் 14416, அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஏதாவது விழுங்கிவிட்டிருந்தாலோ காயம் பட்டிருந்தாலோ 108. விழுங்கிய பிறகு உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் கட்டாயம் போக வேண்டும். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை அது.

மகனுக்கு 19 வயது. திடீரென்று கத்துகிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான். இது மெல்ட்டவுனா, மனநோயா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஆடி மாதம் தெருமுனையில் மைக் செட் கட்டினார்களா? வைகாசி முதல் நாள் குடியாத்தம் சிரசுத் திருவிழாவா? பக்கத்து ஊரில் எருது விடும் விழாவா? பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளையா? எதிர்வீட்டில் சாவு விழுந்து, காலையிலிருந்து வெடியும் மேளமுமா? அதுவும் இல்லையென்றால் நம் ஊர் மே மாத வெயிலில் கரண்ட் போனதா? நம் ஊரில் ஓர் ஆட்டிசம் உள்ளவரின் நரம்பு தாங்குகிற அளவைத் தாண்ட இதில் ஒன்றே போதும். தாங்குகிற அளவைத் தாண்டினால் வருவதுதான் மெல்ட்டவுன். அது பிடிவாதமும் நடிப்பும் கிடையாது. சத்தம், வெளிச்சம், ஆள்கூட்டம் மூன்றையும் குறைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அடங்கிய பிறகு ஆள் சோர்ந்து தூங்கிவிடலாம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது குறைவுதான். லைட்டை அணையுங்கள். ஒருவர் மட்டும் அறையில் இருங்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணையை வையுங்கள். கண்ணாடி, இரும்புச் சாமான்களை நகர்த்துங்கள். "ஏன்டா இப்படிப் பண்றே" என்று கேட்காதீர்கள், பதில் சொல்லும் பாகம் அப்போது வேலை செய்யாது. நாலு பேர் சேர்ந்து பிடித்தால் நீளும். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வெளியே எந்தக் காரணமும் தெரியவில்லை, இதுவரை இல்லாதது புதிதாக வந்திருக்கிறது என்றால், உடம்பைப் பார்க்க வேண்டும். சொத்தைப் பல், காது சீழ், பல நாள் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். வலியைச் சொல்லத் தெரியாதவர் அதை முட்டிக்காட்டுவார். வலிப்பு நோயும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து எல்லாம் சரியாகிப்போன குடும்பங்களும் உண்டு.

இன்னொன்றைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கத்தாமல், முட்டாமல், ஆள் உறைந்துபோவது. தட்டில் கை வைத்தபடியே அரை மணி நேரம், வாசற்படியைத் தாண்ட முடியாமல் நிற்பது, பேச்சு முழுதாக நின்றுபோவது, சாப்பாடு தண்ணீர் இறங்காதது. "இப்பத்தான் அமைதியா இருக்கான்" என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள வாலிப வயதினருக்கு வரக்கூடியது. மருந்து உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்கமில்லாமல் பல இரவுகள், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, சாவைப் பற்றியே பேச்சு, உயிருக்கு ஆபத்தான காயம், இவற்றில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

என் தங்கை நேற்றுவரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்களில் பலர், முக்கியமாகப் பெண்கள், சின்ன வயதிலிருந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அதேபோல வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். உள்ளே இடிந்துபோய் இருக்கும்போதும் அந்த முகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தானே. தனக்குள் நடப்பது கோபமா பயமா பசியா என்று பிரித்துச் சொல்ல வராதவர்களும் நிறைய.

கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். நம் பக்கம் டாக்டர்கள்கூட நாசூக்காக, "ஏதாவது தப்பான எண்ணம் வருதாம்மா?" என்று கேட்பார்கள். ஆட்டிசம் உள்ளவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு யோசிப்பார். திருட்டு எண்ணமா? யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே? "இல்லை" என்பார். கேட்டவர் நிம்மதியாக அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். "உன்னைக் காயப்படுத்திக்கணும்னு தோணுதா?" என்பதும் அப்படித்தான். சாகத்தான் வேண்டும், வலி வேண்டாம் என்று இருப்பவர் உண்மையாகவே "இல்லை" என்று பதில் சொல்வார்.

ஆகவே நேராகக் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா? ஆமாம், இல்லை, தெரியலை. மூணுல ஒண்ணைக் காட்டு." எழுதிக் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. பதிலுக்குப் பொறுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் பொறுங்கள்.

வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு, ஆனால் அவை கண்ணீராக இருக்காது. உயிராக நினைத்த விஷயத்தில், அது ரயில் டைம்டேபிளோ பழைய நாணயமோ, ஈடுபாடு விட்டுப்போவது. தானே குளித்துத் தலை வாரியவர் திடீரென்று அதைச் செய்ய முடியாமல் போவது. சட்டையின் தையல், குக்கர் விசில் என்று முன்பு பொறுத்துக்கொண்டது எதுவும் பொறுக்காமல் போவது. சேர்த்து வைத்த பொருளை யாருக்காவது கொடுப்பது.

இங்கிலாந்தில் ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு முன்பு இருந்த பெயர்) என்று பெரியவரான பிறகு கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டு 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 66 சதவீதம் பேர் வாழ்வில் எப்போதாவது தற்கொலையை நினைத்திருந்தார்கள். ஒரே ஒரு சிகிச்சை மையத்துக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் எல்லாருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் "அவளுக்கு அதெல்லாம் தெரியாது, குழந்தை மாதிரி" என்று சொல்கிற சித்திகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா?

ஆகாது. தற்கொலைத் தடுப்பில் வேலை செய்கிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. உள்ளே இருப்பதை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது.

சரி, வேலூரில் எங்கே போவது?

மூன்று விதமான நேரம் உண்டு. அதைப் பொறுத்து இடம் மாறும்.

விஷம், காயம், மயக்கம் என்றால் மனநல மருத்துவமனையைத் தேடிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டாம். பக்கத்தில் எந்தப் பெரிய மருத்துவமனையின் கேசுவாலிட்டி இருக்கிறதோ அங்கே. உயிரைக் காப்பாற்றிய பிறகு மனநலப் பிரிவை அவர்களே அழைப்பார்கள். அழைக்காவிட்டால் "சைக்கியாட்ரி டாக்டர் பார்க்காம டிஸ்சார்ஜ் வேண்டாம்" என்று நீங்கள் கேளுங்கள்.

உடம்புக்கு ஆபத்து இல்லை, ஆனால் மனநிலை அன்றே பார்க்க வேண்டிய அளவுக்கு மோசம் என்றால் இரண்டு இடங்கள். ஒன்று, திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கட்டணம் இல்லை. காலை ஓ.பி. நேரத்தில் வரிசை நீளம், கூட்டம் அதிகம், மின்விசிறிச் சத்தமே தலைக்குள் ஏறும். கூட வருகிறவரை டோக்கன் வரிசையில் நிற்கவைத்துவிட்டு நீங்கள் மரத்தடியில் உட்காருங்கள். முறை வரும்போது போன் அடிக்கட்டும்.

இன்னொன்று, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம். டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் இது இல்லை. ஆட்டோக்காரரிடம் "சி.எம்.சி." என்று மட்டும் சொன்னால் டவுனில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கூட்டத்துக்கு நடுவே நிற்பீர்கள். "பாகாயம் மென்டல் ஹெல்த்" என்று சொல்லுங்கள். மரங்கள் உள்ள இடம், டவுனைவிடச் சத்தம் குறைவு. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. 1950-களில் தொடங்கியபோதிருந்தே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கியிருக்க வேண்டும் என்பது அந்த மையத்தின் வழக்கம். ஆட்டிசம் உள்ளவருக்கு இது பெரிய வரம். பழகிய முகம், பழகிய சாப்பாட்டுத் தட்டு, நம் ஜாடை புரிந்த ஒருவர் கூட இருப்பார். குடும்பமே பிரச்சினையாக இருப்பவருக்கு இதே வழக்கம் இடைஞ்சல். அப்படியானால் கூட வரக்கூடிய நண்பர் ஒருவரை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நெருக்கடி இன்னும் வரவில்லை, வருகிற வழியில் இருக்கிறது. அதற்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் பார்க்கிறார். வாலாஜா, திருப்பத்தூர், குடியாத்தம் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கிருக்கும் அரசு மருத்துவமனையில் எந்த நாளில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை போய்ப் பேர் பதிந்து, ஹாஸ்பிட்டல் நம்பர் வாங்கி வைப்பதுதான் நான் எல்லாரிடமும் மன்றாடுவது. புது இடம், புது முகம், புது வாசனை மூன்றையும் நெருக்கடி அன்றுதான் முதல்முறை சந்திக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகலாமா என்றும் கேட்கிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூர் நிம்ஹான்ஸ் இரண்டுக்கும் காட்பாடியிலிருந்து ரயில் இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்கப் போகலாம். நெருக்கடி நேரத்தில் பொதுப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

போனில் பேசவே எனக்கு வராது. 14416 எனக்கு எப்படிப் பயன்படும்?

அடித்தவுடன் பதிவு செய்த குரல் வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், பிறகு ஆலோசகர் வருவார். இது தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். மத்திய அரசு 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்று தொடங்கிய சேவை இது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. தேவைப்பட்டால் ஆலோசகர் மனநல மருத்துவரோடு இணைப்பார்.

முதல் மூன்று வரிகளைத் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். "எனக்கு ஆட்டிசம் இருக்கு. மெதுவாத்தான் பேசுவேன், நடுவுல நிறுத்துவேன், லைனைக் கட் பண்ணாதீங்க. எனக்குத் தற்கொலை எண்ணம் இருக்கு." அவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை முதலில் சொன்னாலும் சரி. அதுவும் வராதென்றால் போனின் எழுத்தை வாசிக்கும் வசதியை ஸ்பீக்கரில் போடலாம், அல்லது அக்காவோ நண்பரோ பேச, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டலாம். மற்றவருக்காக அழைப்பதும் அனுமதிக்கப்பட்டதுதான்.

சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு 044-24640050 என்ற எண்ணில் பேசலாம், மின்னஞ்சலிலும் எழுதலாம். எழுத்துதான் வரும் என்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல கதவு. ஆனால் மின்னஞ்சலுக்குப் பதில் வர நேரம் ஆகும். உயிர் ஊசலாடும் இரவில் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தமிழக அரசின் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098. வீட்டில் அடி உதை நடக்கிற பெண்ணாக இருந்தால் 181.

எனக்கு ஆலோசகர்கள் மேல் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். "மூச்சை இழுத்து விடுங்க, பாட்டு கேளுங்க, வெளிய நாலு பேரோட பழகுங்க" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நாலு பேரோடு பழகித்தானே இந்த நிலை வந்தது! அப்படி வந்தால் கோபித்துக்கொண்டு போனை வைக்க வேண்டாம். "அது எனக்கு உதவாது, இருட்டு அறையும் மௌனமும்தான் உதவும், இன்னைக்கு ராத்திரி பாதுகாப்பா இருக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லுங்கள்.

கேசுவாலிட்டியில் என்ன சொல்வது? அங்கே என் வாயே திறக்காது.

திறக்காது என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும். நெருக்கடியில் எங்களுக்கு முதலில் போவது பேச்சு. கேசுவாலிட்டியில் முதலில் கேட்பது பேச்சு. இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி, நன்றாக இருக்கும் நாளில் எழுதி வைத்த ஒற்றைத் தாள்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் பக்கத்தை டியூட்டி டாக்டர் படிக்க மாட்டார். பெரிய எழுத்து. தமிழில் ஒன்று, அடியில் ஆங்கிலத்தில் அதையே. வெளிமாநில டாக்டர்கள் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நிறைய. தலைப்பில் பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மாத்திரை, ஹாஸ்பிட்டல் நம்பர், கூப்பிட வேண்டிய இருவரின் போன். அதற்குக் கீழே இப்படி:

"எனக்கு ஆட்டிசம். நான் பேசாமல் இருந்தால் உங்களை அவமதிக்கவில்லை. காது கேட்கும், புரியும். கேள்வியை எழுதிக் கொடுங்கள், எழுதிப் பதில் சொல்வேன். கண்ணைப் பார்க்க மாட்டேன். கையை ஆட்டுவது என்னை அமைதிப்படுத்த, தடுக்காதீர்கள். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். என் முகத்தில் வலி தெரியாது. வலி உண்டா என்று எண்ணில் கேளுங்கள். காதில் இருக்கும் ஹெட்போனைக் கழற்றாதீர்கள். முடிந்தால் ஓரமாக உள்ள படுக்கை."

உங்களுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி மிக முக்கியம்: "நான் வழக்கமாக இருப்பது இப்படி, இன்று மாறியிருப்பது இது." முன்பின் பார்க்காத டாக்டருக்கு எது ஆட்டிசம், எது புதிதாக வந்த நோய் என்று பிரிக்கத் தெரியாது. கையை ஆட்டுவதைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார், சாப்பிடாமல் நாலு நாள் கிடந்ததை ஆட்டிசம் என்று விட்டுவிடுவார். இரண்டுமே நடந்திருக்கிறது.

தாளின் நகல் பர்ஸில் ஒன்று, போனில் போட்டோவாக ஒன்று, கூட வருகிறவரிடம் ஒன்று. பையில் சார்ஜர், ஹெட்போன், பிடித்த பிஸ்கட், நெருடாத பழைய துணி ஒன்று, கழற்ற வசதியான செருப்பு.

இதோடு இன்னொரு தாளும் எழுதலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-ன்படி உங்களுக்காகப் பேசும் பிரதிநிதியை நீங்களே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் பிரிவு 5-ல் இருக்கிறது. ஆனால் அவசரச் சிகிச்சைக்கு அந்த ஆவணம் பொருந்தாது என்று பிரிவு 9 சொல்லிவிடுகிறது. அதனால்தான் முதல் தாளைச் சட்ட ஆவணமாக எழுதாமல், ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொல்வதுபோல எழுதச் சொல்கிறேன்.

கட்டிப்போடுவார்களா? ஊசி போட்டே வைத்திருப்பார்களா?

சங்கிலி போடுவது மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம், பிரிவு 95. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப்போன நாட்டில் இதைச் சும்மா எழுதிவைக்கவில்லை. வேறு விதமாகக் கட்டுப்படுத்துவதும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது. காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகச் செய்யவே கூடாது. அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேரம் என்று வரம்பும் உண்டு.

நடைமுறையில் வார்டில் ஆள் பற்றாக்குறை, பொறுமைப் பற்றாக்குறை. கூட ஒருவர் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு. "கையைப் பிடிக்காதீங்க சிஸ்டர், நான் சொன்னா உக்காருவான்" என்று சொல்ல ஓர் ஆள்.

மருந்தைப் பற்றி. ஆட்டிசத்தையே போக்கும் மருந்து எதுவும் கிடையாது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, கடுமையான எரிச்சல் இவற்றுக்கு மருந்து உண்டு. கொடுக்கும்போது கேளுங்கள்: எதற்காக, எவ்வளவு நாள், எப்போது மறுபடி பார்க்க வேண்டும்? எங்களில் சிலருக்குச் சிறு அளவே அதிகமாக வேலை செய்யும். மாத்திரை போட்ட பிறகு அமைதியில்லாமல் நடந்துகொண்டே இருந்தால், கழுத்து இழுத்தால், "ஆட்டிசம்தானே" என்று விடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115 சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. ஆனால் மருத்துவமனை எம்.எல்.சி. பதிவு, அதாவது போலீசுக்குத் தகவல் தரும் பதிவு, போடும், காவலர் ஒருவர் வந்து விவரம் கேட்டு எழுதிக்கொள்வார். காக்கிச் சட்டை, வாக்கி டாக்கிச் சத்தம், அதட்டலான கேள்வி, ஆட்டிசம் உள்ளவருக்கு இது போதும் மறுபடி மூடிக்கொள்ள. "எழுதித்தான் பதில் சொல்லுவார் சார்" என்று கூட இருப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவுக்குப் பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டி, "தர்காவுக்கோ அம்மன் கோயிலுக்கோ கூட்டிப்போய் மந்திரிச்சா சரியாப் போவும்" என்கிறார்.

சாமி கும்பிடுவதைத் தடுக்க நான் யார்? திருநீறு போட்டால் மனசு ஆறுகிறது என்றால் போடட்டும். மூன்று விஷயம் மட்டும் கூடாது: அடிப்பது, கட்டுவது, மாத்திரையை நிறுத்துவது. பாட்டியோடு சண்டை போடாமல், "முதல்ல பாகாயம், அப்புறம் அம்மன்" என்று வரிசையை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ நடந்தால்?

கூட்டம் கூடுவதுதான் பெரிய ஆபத்து. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலேயே அப்பாவிகளை அடித்துக் கொன்றார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கண்ணைப் பார்க்காமல், தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நடக்கிற ஒருவரைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும் என்று அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்வது கௌரவக் குறைவு என்று நானும் நினைத்தவள்தான். இப்போது பர்ஸில், எடுத்து நீட்டுகிற மாதிரி, ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன்: "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. இப்போது பேச முடியவில்லை. இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்."

கூட இருப்பவர் கூட்டத்திடம் நீளமாக விளக்க வேண்டாம். "உடம்பு சரியில்லை, காத்து விடுங்க" என்றால் நம் ஜனங்களுக்குப் புரியும், நகர்வார்கள். செல்போனில் படம் பிடிப்பவர் முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள். புது பஸ் ஸ்டாண்ட், கிரீன் சர்க்கிள் பக்கம் என்றால் ஓர் ஆட்டோவைப் பிடித்து உள்ளே உட்காரவைப்பதே சத்தத்தைப் பாதி குறைக்கும். வழி தவறி அலைகிறவரைப் போலீஸ் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது.

டாக்டரே "ஆட்டிசம் குழந்தைங்களுக்குத்தான் வரும், நீங்க எம்.எஸ்சி. படிச்சிருக்கீங்களே" என்கிறார். சான்றிதழும் இல்லை.

நெருக்கடிக்கு உதவி பெறச் சான்றிதழ் தேவையில்லை. வாக்குவாதத்தில் அந்த நாளை வீணாக்காதீர்கள். "பேரு எது வேணா வெச்சுக்கங்க டாக்டர், எனக்குச் சத்தம் தாங்காது, எழுதித்தான் சொல்லுவேன், சாகணும்னு இருக்கு" என்று தேவையைச் சொல்லுங்கள். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் வயது வரம்பில்லாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை ஆறிய பிறகு, மதிப்பீட்டுக்குப் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

செலவு?

அரசு மருத்துவமனையில் இலவசம். சான்றிதழ் உள்ளவர்கள் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நல்ல நாளில் செய்ய வேண்டிய வேலை இது.

நான் அம்மா. இருபது வருஷமாகத் தூக்கமில்லை. சில நேரம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடலாமா என்று தோன்றுகிறது.

அம்மா, இதைச் சொன்னீர்களே, அது நல்லது. 14416 உங்களுக்கும்தான். "என் பிள்ளைக்கு" என்று ஆரம்பிக்காமல் "எனக்கு" என்று ஆரம்பியுங்கள். இன்று இரவு வேறு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அண்ணன், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. "வந்து ஒரு ராத்திரி படுத்துக்க, எனக்கு மனசு சரியில்லை" என்று கேளுங்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். நாளைக்கு டாக்டரிடம் போகும்போது சீட்டு இரண்டு போடுங்கள், ஒன்று உங்கள் பெயரில்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாயிற்று. இனி?

வந்த முதல் சில வாரங்கள்தான் மறுபடி ஆபத்தான காலம். வீட்டுக்கு வந்ததும் விருந்தாளிகள் வரிசையாக ஆப்பிள், ஹார்லிக்ஸோடு வருவார்கள். நிறுத்துங்கள். "டாக்டர் யாரையும் பார்க்க வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்று பொய் சொன்னாலும் பாவம் இல்லை. மாத்திரையை வேறொருவர் பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். மறுபடி பார்க்கும் தேதி, நேரம், எந்த அறை, எந்த பஸ் எல்லாம் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். தேதி மட்டும் போதாது, எங்களுக்கு முழு வழியும் தெரிய வேண்டும். வேலைக்கோ கல்லூரிக்கோ உடனே துரத்தாதீர்கள், இழந்த திறமைகள் மெதுவாகத்தான் திரும்பும். பேச்சு திரும்பாவிட்டால் எழுத்து, எழுத்தும் இல்லையென்றால் மேசையில் மூன்று நிற அட்டை: பச்சை, சரி. மஞ்சள், பக்கத்தில் இரு. சிவப்பு, ஆஸ்பத்திரி. காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை அவர் எடுத்து வைக்கட்டும். சிவப்பு வந்தால் ஏன் என்று கேட்க வேண்டாம், பையையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.